சொன்னது போய்ச் சேர்ந்ததா? பாதியில் டீம் லீட் பொறுப்பேற்ற ஒருவரின் அனுபவம்

வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆளை ஒரு நாள் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் லீட்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவரை கோட் எழுதி, அதில் வரும் பிழைகளைத் திருத்திக்கொண்டு இருந்தவர் மறுநாள் காலையிலிருந்து பத்துப் பேருக்கு வேலை சொல்ல வேண்டும், மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை சொல்வதே ஒரு தனி வேலை, அதற்குத் தனியாக நேரமும் பழக்கமும் தேவை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை நான் தெரிந்துகொள்வதற்குள் கம்பெனி தாமதத்துக்கு அபராதம் கட்டியது. எனக்கு அந்த வருட இன்கிரிமென்ட்டும் போனஸும் போயின. நல்ல ஆட்கள் இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முன்னாலேயே ஒருவர் உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். இப்போது லீட் ஆகப்போகிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் கையில் இருந்த வேலை, ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் இருப்புக் கணக்கைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றித் தருவது. அதை ஆரம்பத்திலிருந்து நடத்திவந்த லீட் திடீரென்று ராஜினாமா செய்தார். கெட்டிக்காரர், ஆனால் எல்லாவற்றையும் போனில் பேசியே முடிப்பவர். ஹேண்ட்ஓவர், அதாவது பொறுப்பை ஒப்படைப்பது, என்று எனக்குக் கிடைத்தது அரை மணி நேர கால் ஒன்றும், பாதிக் கோப்புகள் பழைய பதிப்பாக இருந்த ஒரு ஃபோல்டரும்தான். யாரிடம் என்ன ஒத்துக்கொண்டிருக்கிறோம், எதை எப்போது தருவதாகச் சொல்லியிருக்கிறோம் என்பது அதில் எங்கும் இல்லை. டீமில் பாதிப் பேர் என்னுடன் ஒரே அலுவலகத்தில், மீதிப் பேர் பல மணி நேர வித்தியாசத்தில் வேறொரு நாட்டில். இங்கே இருப்பவர்கள் பழைய மென்பொருளிலிருந்து தரவை எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே இருப்பவர்கள் அதைப் புதியதில் ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு எக்ஸெல் ஷீட்.

கிளையண்டின் ஆட்களை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்த அன்று விஷயம் வெளியே வந்தது. கிடங்கைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் மேற்பார்வையாளர் ஒருவர் திரையில் ஒரு வரியில் விரலை வைத்து, "இது 24தான் இருக்குன்னு காட்டுதே?" என்றார். இருப்பு 24 சரிதானே என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் கேட்டார். "அது 24 பெட்டிங்க. பெட்டிக்கு 12. 288 வரணும்" என்றார் அவர். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஷீட்டில் 'அளவு' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வெறும் எண்கள். எடுத்துக் கொடுத்தவர்கள் பழைய மென்பொருளில் இருந்தபடியே பெட்டிக் கணக்கில் போட்டிருந்தார்கள். ஏற்றியவர்கள் அதைத் தனித்தனி எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லா வரியும் பெட்டிக் கணக்காக இருந்திருந்தால் ஒரே பெருக்கலில் முடிந்திருக்கும். சில்லறையாக வந்துபோகும் பொருள்கள் மட்டும் தனி எண்ணிக்கையிலேயே இருந்தன. எது எந்தக் கணக்கு என்று பார்க்க, கிடங்கின் ஆட்களோடு உட்கார்ந்து பொருள் பொருளாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அதில் ஏறக்குறைய ஒரு மாதம் போனது. அபராதம் வந்ததும் அதனால்தான்.

அப்புறம் பழைய சாட்டைத் தேடிப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. நான் பொறுப்பேற்பதற்கு முன்பே, டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் குரூப்பில் கேட்டிருக்கிறார்: "இந்த அளவு பெட்டியா, பீஸா?" யார் பெயரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. அதற்குக் கீழே வேறு விஷயங்கள் வரிசையாக வந்து அதை மூடிவிட்டன. பதில் வராததால், எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து அவர் விட்டுவிட்டார். அந்த வாரம் இரவெல்லாம் இதே மாதிரி வேறு எங்கே நடந்திருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனதற்கும் காரணம் அலகுதான். விண்கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக்கான எண்களைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது, வழிநடத்திய குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. சுமார் 12.5 கோடி டாலர் மதிப்புள்ள கலம். விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது இன்னொரு விஷயம்: பாதை கொஞ்சம் இடிக்கிறதே என்று சிலருக்கு முன்பே பட்டிருக்கிறது, ஆனால் அந்தச் சந்தேகம் அதற்கென்று இருந்த முறையான வழியில் போகவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், எங்கள் எக்ஸெல் ஷீட் எம்மாத்திரம்.

அதற்கடுத்து நடந்த மீட்டிங்கை நான் விவரிக்க விரும்பவில்லை. மேலே இருந்தவர்கள் என்னைத்தான் கேட்டார்கள், டீமும் என்னைத்தான் பார்த்தது. லீட் நாற்காலியின் தனிமை அன்று புரிந்தது. கீழே இருப்பவர்களிடம் புலம்ப முடியாது, மேலே இருப்பவர்களிடம் சொன்னால் சாக்குச் சொல்வதாகத் தெரியும். கோபம் வந்தது, அழுகை வந்தது, பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது. இனி வருவது, அந்த ஒரு மாதத்திலும் அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டு கரையேறிய விஷயங்கள்.

முதலாவது, "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு லீடிடம் யாரும் "புரியல" என்று சொல்வதில்லை. புரியாதவர் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். தவறாகப் புரிந்துகொண்டவருக்கோ, தான் தவறாகப் புரிந்துகொண்டது தெரியாது, அவர் மனதாரவே "புரிஞ்சுது" என்பார். நான் அதற்குப் பதிலாகக் கேட்பது: "நாளைக்குக் காலைல இதுல முதல்ல என்ன செய்யப்போறீங்க?" இதை முதன்முதலில் கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. சரிபார்த்த பொருள்களை மறுபடி ஏற்றச் சொல்லியிருந்தேன். டீமில் அனுபவமுள்ள ஒருவர், "முதல்ல புதுசுல இருக்கறத மொத்தமா அழிச்சுட்டு ஆரம்பிப்பேன்" என்றார். நான் நினைத்தது, தவறாக இருக்கும் வரிகளை மட்டும் மாற்றுவது. ஒத்திகைக்குப் பிறகு கிடங்கு ஆட்கள் கையால் திருத்தியவை எல்லாம் அதிலேயே இருந்தன. அழித்திருந்தால் அவர்களுடைய உழைப்பும் சேர்ந்து போயிருக்கும். இரண்டு நிமிடப் பேச்சில் அது நின்றது. அவர் மேல் தவறே இல்லை, நான் சொன்ன வாக்கியத்தை அப்படியும் எடுத்துக்கொள்ளலாம்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் செய்த ஒரு சோதனை நல்ல விளக்கம். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்டுவார், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மனதுக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். லீடின் நிலையும் இதுதான். மேல்மட்ட மீட்டிங், கிளையண்டின் கோபம், போன மாதம் எடுத்த முடிவு எல்லாம் நம் தலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் ஒரே ஒரு வரி அனுப்புகிறோம். விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்ன அனுமதியைத் திரும்பச் சொல்வதும், போனில் மருந்து சொல்லப்பட்டால் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டும் வழக்கம் மருத்துவமனைகளில் இருப்பதும் இதனால்தான். அங்கே யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. நம் வேலையிலும் அதைச் சாதாரணமாக்க வேண்டியது லீடின் பொறுப்பு. "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கத்தான் கேக்கறேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் எதிராளிக்குப் பரீட்சை மாதிரி இருக்காது.

எழுதி அனுப்பும் வேலைகளையும் மாற்றினேன். முன்பு டீமில் ஓடிக்கொண்டிருந்த செய்திகள் இப்படி இருக்கும்: "கிளையண்ட் ரிப்போர்ட் பக்கம் கொஞ்சம் பாத்து வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்." யார் பார்ப்பது, என்ன பார்ப்பது, எந்த நாட்டு வெள்ளிக்கிழமை, முடிந்தது என்றால் என்ன, எதுவும் இல்லை. இதே செய்தி இப்போது இப்படிப் போகும்: "ரிப்போர்ட் பக்கத்தில் மொத்த இருப்பு தப்பாக வருகிறது. இதை இவர் சரிசெய்ய வேண்டும். கிளையண்ட் திங்கள் காலை இதை வைத்துத்தான் கொள்முதல் முடிவு எடுக்கிறார்கள். நம் நேரப்படி வெள்ளி மதியம் 3 மணிக்குள் டெஸ்ட் சர்வரில் இருக்க வேண்டும். இந்த ஐந்து பொருள்களின் மொத்தமும் பழைய மென்பொருளோடு ஒத்துப்போனால் முடிந்தது என்று அர்த்தம். பக்கத்தின் அழகை இப்போது தொட வேண்டாம்." நீளம்தான், எழுதக் கூடுதல் நேரமும் பிடிக்கும். ஆனால் கடைசி இரண்டு வாக்கியங்கள் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சமல்ல. எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லாவிட்டால், நல்ல மனதுள்ள ஆட்கள் அதையும் சேர்த்துச் செய்துவிடுவார்கள். பொறுப்புக்கு ஒரே ஒரு பெயர் போடுங்கள். இரண்டு பெயர் போட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். ஏன் இந்த வேலை என்ற ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் எதிர்பாராத ஒன்று வந்தால், காரணம் தெரிந்தவர் தானே சரியான முடிவெடுப்பார். காரணம் தெரியாதவர் நீங்கள் தூங்கி எழும்வரை காத்திருப்பார்.

மேலிருந்து வருவதைக் கையாள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. எங்கள் மேனேஜர் எதையும் போனில்தான் சொல்வார். ஒரு வாரம் ஒன்று முக்கியம், அடுத்த வாரம் இன்னொன்று. மாற்றச் சொன்னது அவருக்கே நினைவிருக்காது. கால் முடிந்த கையோடு நான் மெயில் போட ஆரம்பித்தேன்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. இதைச் செய்தால் முன்பு சொன்ன அது ஒரு வாரம் தள்ளிப்போகும். மாற்றம் இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், நாளை மதியம் இதன்படி தொடங்குகிறோம்." முதல் மெயிலுக்கே அவருக்குக் கோபம். "என்ன, எழுத்துல வாங்கி வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். கை நடுங்கியது உண்மை. "இல்லைங்க சார், அந்தப் பக்கம் இருக்கறவங்க கால்ல இல்ல, அவங்களுக்கும் இதையேதான் அனுப்பறேன். நான் தப்பாச் சொல்லிடக் கூடாதுல்ல" என்றேன். அது பொய்யும் இல்லை. சில வாரங்களில் அவரே, "அந்த மெயில்ல என்ன போட்டோம்?" என்று கேட்கும் நிலை வந்தது. இதில் கவனிக்க வேண்டியது தொனி. தற்காப்புக்காக எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால் மேலே இருப்பவர் முறுக்கிக்கொள்வார். வேலை ஒழுங்காக நடக்க எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால் பழகிக்கொள்வார். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று தள்ளிப்போகும் என்ற வரி ஒவ்வொரு தடவையும் இருக்கட்டும். அதை வாயால் சொன்னால் முடியாது என்று மறுப்பது போலக் கேட்கும், எழுத்தில் இருந்தால் வெறும் தகவலாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பதவியில் இருப்பவர் உரக்க யோசிக்கக் கூடாது. மேல்நிலை அதிகாரி ஒருவர் நடந்துபோகும்போது எங்கள் டீமில் ஒருவரின் திரையைப் பார்த்து, "இதுல ஒரு கிராஃப் இருந்தா நல்லா இருக்குமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேர் ஒரு வாரத்துக்கு மேல் அந்த கிராஃபைச் செய்துகொண்டிருந்தார்கள், அதுவும் பொருள்களைச் சரிபார்க்க ஆள் போதாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில். பிறகு கேட்டால் அவருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அதிலிருந்து நான் பேசும்போது, "இது யோசனைதான், யாரும் ஆரம்பிக்க வேண்டாம்" அல்லது "இது முடிவு, இன்னைக்கே ஆரம்பிங்க" என்று இரண்டில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். நீங்கள் சாதாரணமாகச் சொன்னது கீழே போகும்போது உத்தரவாக மாறிவிடுகிறது. நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். அவர்கள் காதில் உங்கள் குரல் இப்போது வேறு.

கேள்விகளைப் பற்றி. அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஏற்பட்ட கதி எனக்கு மிகவும் வலித்ததால் இதில் அதிகம் மெனக்கெட்டேன். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான கேஎல்எம் நிறுவனத்தின் விமானம் ஓட ஆரம்பித்த பிறகு, அதன் ஃபிளைட் இன்ஜினியர் எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் அந்த நிறுவனத்தில் பெரிய அனுபவசாலி, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். விலகிவிட்டது என்று அவர் உறுதியாகச் சொன்னதும் பேச்சு அதோடு நின்றது. இளையவர்கள் சந்தேகத்தைச் சொல்லவும், மூத்தவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் விமானக் குழுக்களுக்குத் தனிப் பயிற்சி தரும் வழக்கம் இதைப் போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் வந்தது. எங்கள் வேலையில் உயிர் போகாது. ஆனால் "அதெல்லாம் பாத்தாச்சு" என்று லீட் சொல்லும் ஒரு வார்த்தை, கேட்டவரின் வாயை ஆறு மாதத்துக்கு மூடிவிடும். நான் செய்தது இரண்டு விஷயம். கேள்விகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வைத்தோம். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பதில் சொல்ல வேண்டியவர் பெயரும் தேதியும் இருக்கும், பதில் வரும்வரை அது திறந்தே இருக்கும். அப்புறம் மீட்டிங் முடிவில், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்பதை விட்டுவிட்டு, "இதுல எது சொதப்பும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். நாமே இடையில் புகுந்து பேசிவிடக் கூடாது. மீட்டிங்கில் பெரும்பாலும் வாயே திறக்காத ஒருவர்தான் உருப்படியான ஒன்றைச் சொல்வார்.

கெட்ட செய்தி சொல்வதை யாரும் கற்றுத்தருவதில்லை. அபராதம் பற்றிய பேச்சு கசிந்தபோது டீமில் வேலை போகும் என்றுகூட வதந்தி ஓடியது. மேலே எனக்கே எதுவும் சொல்லவில்லை. முடிவு தெரிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சும்மா இருக்கும்படிதான் எனக்கு அறிவுரை வந்தது. அந்தச் சில நாள் மௌனத்தில்தான் கிளம்பிய இருவரும் வேறு இடத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள், பின்னால் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அதன்பிறகு டீமைக் கூட்டி, எனக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, வியாழக்கிழமை மாலை மறுபடி பேசுவேன் என்றேன். அந்த வியாழக்கிழமை சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. ஆனாலும் கூட்டினேன், ஒன்றும் இல்லை என்பதையே சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் நேராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். இன்கிரிமென்ட் கிடையாது என்று முடிவான நாளில் அதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொன்னேன், பூசி மெழுகவில்லை. முகங்கள் வாடின. ஆனால் யாரும் என்னை ஏமாற்றுக்காரராகப் பார்க்கவில்லை. கிளையண்டுக்கும் இதே முறைதான்: என்ன தவறு, எவ்வளவு பொருள்களில், எப்போது சரியாகும், அடுத்த தகவல் எந்த நேரத்தில். அவர்களின் கோபம் குறையவில்லை, ஆனால் மணிக்கு ஒரு போன் வருவது நின்றது.

ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், எழுத்தில் வேண்டாம். ஒருவர் செய்த வேலை நன்றாக இருந்தால் அதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், எது நன்றாக இருந்தது என்று குறிப்பாக. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

என்னைப் போலவே நடுவில் பொறுப்பேற்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஹேண்ட்ஓவரில் கோப்புகளை வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். கிளம்புகிறவரிடம், எழுத்தில் எங்கும் இல்லாமல் வாய்வார்த்தையாக யாருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி, அந்தப் பட்டியலை அவருக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு டீமில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, நீங்கள் கேட்டு இன்னும் பதில் வராத கேள்வி என்ன என்று கேளுங்கள். ஒரு குழு கொடுத்து இன்னொரு குழு வாங்கும் ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு பக்கத்தவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு திறந்து, ஒரே ஒரு வரியை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்று இருவரையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முதல் வாரம் முழுக்கப் போய்விடும், இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லையா என்று மேலே கேட்பார்கள். நான் அடுத்த பிராஜெக்டை ஏற்றபோது இந்த ஒரு வாரத்தை முன்கூட்டியே கேட்டு, மெயிலில் ஒத்துக்கொள்ள வைத்த பிறகுதான் உள்ளே போனேன்.